வீட்டில் நெபுலைசர்: கடைக்கு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

பல்லடத்துப் பக்கம் மருந்துக்கடை வைத்து 17 வருடம் ஆகிறது. சுற்றிலும் விசைத்தறி, நூற்பாலை, கோழிப்பண்ணை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீச ஆரம்பித்தால் இழுப்பு, வீசிங் என்று ஒரு கூட்டம் வரும். கார்த்திகை, மார்கழிப் பனியில் இன்னொரு கூட்டம். இப்போது பாதி வீடுகளில் நெபுலைசர் இருக்கிறது. வாங்கும்போது ஐந்து நிமிடம் செய்துகாட்டித்தான் அனுப்புகிறோம். இருந்தாலும் அடுத்த வாரம் அதே சந்தேகங்களோடு திரும்பி வருகிறார்கள். அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். மருந்தும் அளவும் உங்கள் டாக்டர் சொல்வதுதான். கருவியை எப்படிக் கையாள்வது என்பது மட்டும் என் பங்கு.

ஏனுங்க, நெபுலைசருங்கறது ஆவி புடிக்கற மிஷின்தானுங்களே?

இல்லை. ஆவி பிடிக்கும்போது தண்ணீர் கொதித்துச் சூடான நீராவி வருகிறது. மூக்கடைப்புக்கு அது கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். நெபுலைசர் எதையும் கொதிக்க வைப்பதில்லை. திரவ மருந்தைக் குளிர்ச்சியாகவே மிக நுண்ணிய துளிகளாக உடைத்து அனுப்புகிறது. 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ள துளிதான் நுரையீரலின் சின்னக் குழாய்கள் வரை போகும். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைவிடப் பெரிய துளி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. சின்னக் குழந்தையைப் போர்வைக்குள் போட்டு, கொதிக்கிற பாத்திரத்துக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள். கை பட்டுப் பாத்திரம் கவிழ்ந்தால் தொடையும் வயிறும் வெந்துபோகும். இழுப்புக்கு நீராவி மருந்தே கிடையாது. பலனில்லாத ஒன்றுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

பெரிய மிஷின் வாங்கறதுங்களா, கையில புடிக்கற சின்னது போதுமுங்களா?

பெரியது என்று நீங்கள் சொல்வது கம்ப்ரசர் வகை. உள்ளே இருக்கும் மோட்டார் காற்றை ஒரு மெல்லிய துளை வழியாக வேகமாகத் தள்ளும். அந்த வேகம் கப்பில் இருக்கும் மருந்தை மேலே இழுத்துச் சிதறடிக்கும். சத்தம் போடும், கரண்ட் வேண்டும். ஆனால் முரட்டு உழைப்பாளி. கப்பை மாற்றி, ஃபில்டரை மாற்றி வந்தால் வருடக்கணக்கில் ஓடும். நெபுலைசரில் போடுவதற்கென்று வரும் மருந்துகள் ஏறக்குறைய எல்லாமே அதில் ஓடும்.

கையடக்கமானதில் இரண்டு வகை. ஒன்று மெஷ். ஆயிரக்கணக்கான நுண் துளைகள் உள்ள ஒரு தகடு அதிர்ந்து மருந்தைத் துளித்துளியாகத் தள்ளும். சத்தமே இருக்காது, மருந்தும் அதிகம் மிஞ்சாது, பேட்டரியில் ஓடும். இன்னொன்று அல்ட்ராசோனிக். ஒலி அதிர்வால் துளி உண்டாக்குவது. இதில் மருந்து கொஞ்சம் சூடேறும், பியூடெசொனைடு போன்ற கலங்கல் மருந்துகள் இதற்கு ஒத்துவராது. பெட்டியில் எந்த வகை என்று பார்த்து வாங்குங்கள்.

என் அபிப்பிராயம்: தினமும் வைக்க வேண்டிய வயதானவர் வீட்டில் இருந்தால் கம்ப்ரசர். எப்போதாவது வைக்கிறவர்கள், வெளியூர் அலைகிறவர்கள், மோட்டார் சத்தத்துக்குப் பயப்படும் குழந்தை உள்ளவர்கள் மெஷ் வாங்கலாம். ஆனால் தினமும் சுத்தம் செய்யப் பொறுமை இல்லாதவர் மெஷ் வாங்கினால் காசு வீண்.

போன தடவ டாக்டர் எழுதின சீட்டு இருக்குது. அதையே குடுத்துருங்களேன்?

நெபுலைசரில் வைக்கும் மருந்துகளில் முக்கியமாக இரண்டு ரகம். ஒன்று சுருங்கிய மூச்சுக்குழாயை உடனே விரிப்பது: சால்பியூட்டமால், லீவோசால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம். சில நிமிடங்களில் வேலை செய்யும், சில மணி நேரத்தில் வலு தீரும். மற்றொன்று குழாயின் வீக்கத்தைக் குறைப்பது: பியூடெசொனைடு. இது உடனே மூச்சை விடுவிக்காது, நாள்பட வேலை செய்யும். போன தடவை உங்களுக்கு இருந்த கோளாறும் இப்போது இருப்பதும் ஒன்றா என்பதை நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துத்தான் சொல்ல முடியும். கடை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து என்னால் சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விரிக்கிற மருந்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆஸ்துமாவை ஓட்டுவது சரியில்லை என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் குழுவான கினா 2019-லேயே மாற்றிச் சொல்லிவிட்டது. மூச்சு லேசானதும் நோய் போய்விட்டதாக நினைக்கிறோம். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும்.

மருந்து ரெண்டு மில்லிதான் இருக்குது. கொஞ்சம் தண்ணி ஊத்திக்கலாமுங்களா? எங்களுக்குச் சிறுவாணித் தண்ணிதான்.

சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். நெபுலைசருக்கு அதுவும் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரும் ஆகாது, காய்ச்சி ஆறிய தண்ணீரும் ஆகாது. உப்பில்லாத வெறும் நீர் நுண்துளியாக உள்ளே போனால் ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாய் இன்னும் சுருங்கும். குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று சோதிக்கவே காய்ச்சி வடித்த நீர்த்துளியைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். அத்தோடு குழாய்த் தண்ணீரில் இருக்கும் கிருமி நேராக நுரையீரலுக்குப் போகும்.

கலக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லியிருந்தால் 0.9 சதவீத நார்மல் சலைன் மட்டும். 2, 3 மில்லி சின்னக் குப்பிகளாகவே கிடைக்கிறது. ட்ரிப்ஸ் போடும் அரை லிட்டர் பாட்டிலை வாங்கி ஊசியால் குத்தி ஒரு மாதம் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். திறந்த பிறகு அது சுத்தமான சலைன் அல்ல.

எத்தன நேரம் வெக்கோணும்? கப்புல மருந்து மிச்சம் நிக்குதுங்களே.

கம்ப்ரசரில் சாதாரணமாக 5 முதல் 10 நிமிடம். புகை விட்டுவிட்டு வந்து, கப்பில் தெறிக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தால் கப்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். சுவரில் ஒட்டியது கீழே இறங்கும். மறுபடியும் தெறித்தால் நிறுத்திவிடலாம். அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை எப்போதுமே மிஞ்சும். அது கப்பின் அமைப்பு, உங்கள் தவறல்ல. அதை அடுத்த வேளைக்கு என்று வைக்கக் கூடாது.

நிமிர்ந்து உட்கார்ந்து, கப் நேராக இருக்கும்படி பிடித்து, சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும். கை நடுக்கம், படபடப்பு விரிக்கிற மருந்தால் வருவதுதான், சற்று நேரத்தில் அடங்கும். அடங்காவிட்டாலும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு வந்தாலும் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பாப்பா மாஸ்க் வெச்சாவே கத்துது. கொஞ்சம் தள்ளிப் புடிச்சா போதுமுங்களா?

போதாது. ஓரிரு சென்டிமீட்டர் தள்ளினாலே மருந்தில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மாஸ்க் மூக்கையும் வாயையும் மூடி, கன்னத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். அழும்போதும் மருந்து உள்ளே அதிகம் போகாது. அழுகை என்பது நீளமாக மூச்சை வெளியே விடுவதுதானே. மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு, முதலில் மிஷின் ஓடாமல் மாஸ்க்கை மட்டும் பொம்மைக்கு, அப்புறம் அம்மாவுக்கு, அப்புறம் பாப்பாவுக்கு என்று விளையாட்டாக வைத்துப் பாருங்கள். இரண்டு நாளில் பழகிவிடும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வயதுக்கு மேல், சொன்னால் கேட்கும் பிள்ளைக்கு வாயில் கவ்வும் மவுத்பீஸ் மாஸ்க்கை விட நல்லது. மூக்கில் வடிகட்டப்படாமல் மருந்து நேராகப் போகும். கண்ணில் பிரஷர் உள்ள பெரியவர்களும் இப்ராட்ரோப்பியம் வைப்பதாக இருந்தால் மவுத்பீஸ்தான் வாங்க வேண்டும். மாஸ்க் ஓரத்தில் கசியும் புகை கண்ணில் பட்டால் பிரஷர் ஏறும்.

தெனமும் கழுவோணுமுங்களா? மருந்துதானே ஊத்தறோம், அழுக்கு எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன். என் அம்மாவுக்கு மூச்சிரைப்பு. நானே வாங்கிக்கொடுத்த மிஷின். மருந்துக்கடைக்காரன் வீட்டில் எல்லாம் சரியாக நடக்கும் என்று நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் சளி மஞ்சளாகி, காய்ச்சல் வந்து, எட்டு நாள் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்து கப்பைப் பிரித்தால் அடியில் வழவழவென்று பழுப்பாக ஒரு படலம். "மருந்துதான கண்ணு, வீணாக்குவானேன்னு அப்படியே மேல ஊத்திக்கிட்டேன்" என்றார் அம்மா. காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. எனக்குச் சந்தேகம் இல்லை.

ஈரமான கப்பில் சூடோமோனாஸ் மாதிரியான கிருமிகள் செழித்து வளரும். மூக்கில் தொண்டையில் தடுக்கப்பட வேண்டியதை நாமே நுண்துளியாக்கி ஆழத்துக்கு அனுப்புகிறோம். அதனால் ஒவ்வொரு முறை வைத்து முடித்ததும் கப், மூடி, மவுத்பீஸ் அல்லது மாஸ்க்கைத் தனித்தனியாகக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நன்றாக உதறி, சுத்தமான துணி மேல் கவிழ்த்துக் காய விடுங்கள். துண்டால் துடைக்க வேண்டாம். நாளுக்கு ஒரு தடவை பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவ வேண்டும். காய்வதுதான் இதில் பாதி வேலை. ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடினால் கழுவாததும் கழுவியதும் ஒன்றுதான்.

கிருமி நீக்க, வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவையாவது, கையேட்டில் அனுமதி இருந்தால் கப்பை 5 நிமிடம் கொதிநீரில் போட்டு எடுங்கள். கொதிக்க வைக்கக் கூடாத பிளாஸ்டிக் என்றால் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் ஊற வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் அலசிக் காய வைக்கலாம். டெட்டால் ஊற்றாதீர்கள். வாசனை தங்கி, இழுப்பைக் கிளப்பிவிடும்.

நீங்க சொன்னீங்கன்னு கொதிக்க வெச்சேன். மாஸ்க்கு சுருங்கிப்போச்சு, ட்யூப்பு கல்லாட்டம் ஆயிருச்சு.

கப்பை மட்டும்தான் கொதிக்க வைக்கச் சொன்னேன், அதுவும் கையேடு அனுமதித்தால். மென்மையான மாஸ்க்கைச் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ட்யூப்பைக் கழுவவே கூடாது. உள்ளே போன தண்ணீர் காயாது. ஏற்கனவே முத்துமுத்தாக நீர் நின்றால், கப்பைக் கழற்றிவிட்டு ட்யூப்பை மட்டும் மிஷினில் மாட்டி இரண்டு மூன்று நிமிடம் ஓட விடுங்கள், காற்றே காய வைத்துவிடும். உள்ளே கறுப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் ஓடுது, ஆனா முன்ன மாதிரி புகை வரமாட்டீங்குது.

முதலில் கப்புக்குள் இருக்கும் குட்டிக் கூம்பு இருக்கிறதா என்று பாருங்கள். கழுவும்போது சிங்க் ஓட்டையில் போய்விடுவது அதுதான். அது இல்லாமல் புகை வராது. அடுத்து ட்யூப் இரண்டு முனையிலும் இறுகியிருக்கிறதா. அப்புறம் ஃபில்டர். மிஷின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி, அதற்குள் வெள்ளைப் பஞ்சு வட்டம். அது சாம்பல் நிறமானால் மாற்ற வேண்டும், கழுவி மறுபடி வைக்கக் கூடாது. கையேட்டில் இத்தனை மாதம் என்று போட்டிருப்பார்கள். தறி ஓடும் வீட்டிலும், தேங்காய் நார்த் தூசி பறக்கும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் அந்தக் கணக்கு நடக்காது. மாதம் ஒருமுறை திறந்து கண்ணால் பாருங்கள். மிஷினைத் தரையில் வைத்து ஓட்டினால் தூசி இன்னும் சீக்கிரம் ஏறும், ஸ்டூல் மேல் வையுங்கள்.

கையடக்க மெஷ் என்றால் பெரும்பாலும் துளை அடைப்பு. மருந்து உள்ளேயே காய்ந்து படிந்திருக்கும், அல்லது போர் தண்ணீரில் கழுவி உப்புப் படிந்திருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று உங்கள் வீட்டுப் பாத்திரமே சொல்லும். மருந்து வைத்து முடித்ததும் காய்ச்சி வடித்த நீரைக் கொஞ்சம் ஊற்றி, யாரும் மூச்சில் இழுக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் ஓட விட்டுக் கொட்டிவிடுங்கள். தகட்டை விரலாலோ பட்ஸாலோ ஊசியாலோ தொடவே கூடாது. அந்தத் துளை நம் கண்ணுக்கே தெரியாத அளவு. ஒரு தடவை குத்தினால் துளி பெரிதாகிவிடும். புகை நன்றாக வருவது போலத் தெரியும், மருந்து தொண்டையோடு நின்றுவிடும்.

நொச்சித்தழை சாறு, யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் ஏதாச்சும் ரெண்டு சொட்டு விடலாமுங்களா?

கூடவே கூடாது. நொச்சியும் ஆடாதொடையும் கற்பூரவல்லியும் நம் அமுச்சிகள் கொடுத்த நல்ல மருந்துகள்தான். அவை இருக்க வேண்டிய இடம் கஷாயம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் உடம்பால் அதை வெளியேற்ற முடியாது, எண்ணெயாலேயே ஒரு வகை நிமோனியா வரும். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பையே கொண்டுவரும். இருமல் சிரப்பை ஊற்றியவர்களும் வந்திருக்கிறார்கள். நெபுலைசருக்கு என்று எழுதியிருக்கும் குப்பியைத் தவிர வேறெதுவும் அந்தக் கப்பில் விழக் கூடாது.

மிஷின் வெச்சுப் பழகிட்டா அப்புறம் அது இல்லாம மூச்சே விட முடியாதாமா? ஸ்டீராய்டு வேறயாமே?

பழக்கம் ஆகாது. திரும்பத் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது என்றால் நோய் அடங்கவில்லை என்று அர்த்தம். மழை நாளில் தினமும் குடை பிடிப்பதால் குடை பழகிவிட்டது என்று சொல்ல மாட்டோம்.

பியூடெசொனைடு ஸ்டீராய்டுதான். மாத்திரையாக மில்லிகிராம் கணக்கில் விழுங்கி உடம்பு முழுக்கப் பரவுவதற்கும், சிறு அளவில் நேராக நுரையீரலுக்கு அனுப்புவதற்கும் நிறைய வித்தியாசம். தொடர்ந்து எடுக்கும் குழந்தைகளின் உயரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் குறைவு காணப்பட்டிருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும், உயிருக்கும் ஆபத்து. வைத்து முடித்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், மாஸ்க் என்றால் முகத்தையும் கழுவுங்கள். இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்ஹேலர்னா சாதா, நெபுலைசர்னா பவர் ஜாஸ்தி, அப்படித்தானுங்களே?

இப்படி நினைத்துத்தான் பலர் மிஷினுக்குச் செலவு செய்கிறார்கள். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையோடு சரியாக இழுத்தால், உயிருக்கு ஆபத்தான நிலையைத் தவிர மற்ற ஆஸ்துமா இழுப்புகளுக்கு இன்ஹேலரும் நெபுலைசரும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்ஹேலருக்குக் கரண்ட் வேண்டாம், பையில் அடங்கும், கழுவுவது சுலபம். இழுக்கத் தெரியாத முதியவர், மிகச் சின்னக் குழந்தை, மூச்சு இழுக்கவே முடியாத நிலை, இவர்களுக்கு நெபுலைசர். வாங்க வருகிறவரிடம் முதலில் ஸ்பேசரைக் காட்டிவிடுகிறேன். ஒரு மிஷின் விற்காமல் போனால் போகட்டும்.

ஒரே மிஷின வீட்ல எல்லாரும் வெச்சுக்கலாமுங்களா?

மோட்டார் பொது. கப், மாஸ்க், ட்யூப் ஆளுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுப்பதற்கும் இதே கணக்குத்தான்.

ஞாயித்துக்கெழம நல்லாத்தான் இருக்கறன். திங்கக்கெழம மில்லுக்குள்ள போனா நெஞ்சப் புடிக்குது. நெபுலைசர் வெச்சுட்டுப் போனாச் சரியாயிருமுங்களா?

இதைக் கேட்டவரை நான் மருந்து கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பினேன். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸின் அடையாளம். முதலில் திங்கட்கிழமை மட்டும் இருக்கும். பிறகு வாரம் முழுக்கப் பரவும். வருடங்கள் போனால் நிரந்தரமாகிவிடும். மருந்து வைத்துக்கொண்டு அதே தூசிக்குள் போனால் உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையை அமுக்கிவிட்டுப் போகிறோம்.

சட்டப்படி இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். இ.எஸ்.ஐ.க்கான தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போய், எத்தனை வருடமாக எந்தப் பிரிவில் வேலை என்பதை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். பஞ்சைப் பிரிக்கும் ப்ளோ ரூம், சிக்கெடுக்கும் கார்டிங் என்றால் அதையும் சொல்ல வேண்டும், தூசி அதிகம் அங்கேதான். இது உங்கள் உரிமை, சலுகை கிடையாது.

வால்பாறைக்குப் போறோம். வழியில கரண்டுக்கு என்ன பண்றது?

ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. அதற்கு நடுவில் பிளக் தேட முடியாது. மெஷ் மிஷின், புது பேட்டரி ஒரு செட், சலைன் குப்பிகள், டாக்டர் சீட்டு, அத்தோடு ஸ்பேசரும் இன்ஹேலரும். பேட்டரி மிஷினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பேட்டரியும் கெடும், மருந்தும் கெடும். வீட்டில் கரண்ட் போனால் கம்ப்ரசரை யூ.பி.எஸ்.-இல் ஓட்டலாம். அதன் பின்னால் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும், எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

பையன் ரூம்ல பேனாவாட்டம் ஒண்ணு இருந்துச்சுங்க. கேட்டா, "அதும் நெபுலைசர் மாதிரிதாம்மா, வெறும் ஆவி"ங்கறான்.

அந்த அம்மா மேசைமேல் அதை வைத்தபோது அவர் கை நடுங்கியது. அது வேப். முதல் கேள்வியில் சொன்னபடி நெபுலைசர் மருந்தைச் சுடுவதில்லை. வேப் உள்ளே கம்பிச் சுருளைச் சூடாக்கி, எண்ணெய்ப் பசையுள்ள திரவத்தை ஆவியாக்குகிறது. சிலதில் நிகோட்டின், சிலதில் கஞ்சாவிலிருந்து பிரித்த எண்ணெய். அமெரிக்காவில் 2019-இல் வேப் பிடித்தவர்களின் நுரையீரல் கூட்டமாகப் பழுதானது. 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகவும் 68 பேர் இறந்ததாகவும் பதிவானது. பெரும்பாலோர் பிடித்தது கஞ்சாச் சத்து அடைத்த குப்பி. அதில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. நொச்சித் தைலக் கேள்வியில் எண்ணெயைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பாருங்கள்.

இந்தியாவில் மின்சிகரெட் தயாரிப்பது, இறக்குமதி, விற்பனை, இருப்பு வைப்பது எல்லாம் 2019 சட்டப்படி தடை. கஞ்சா எண்ணெய் என்றால் 1985 போதைப்பொருள் சட்டம். கொஞ்சமாக இருந்தாலும் வழக்குத்தான். ஆனால் பையனிடம் போலீஸ் பேச்சில் ஆரம்பிக்காதீர்கள். இருமல், நெஞ்சுவலி, மூச்சு வாங்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் என்ன பிடித்தான் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் அவர் சாதாரண நிமோனியா என்று வைத்தியம் பார்க்கக்கூடும். அந்தத் திரவத்தை நெபுலைசரில் ஊற்றினால் பாதுகாப்பு என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு. அதுவும் அதே ஆபத்துத்தான்.

ரெண்டு தடவ வெச்சும் கேக்கல. மூணாவது தடவ வெச்சுப் பாக்கலாமுங்களா?

வீட்டில் உட்கார்ந்து மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையில் உள்வாங்குகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108. இழுப்புச் சத்தம் திடீரென்று அடங்கி, ஆள் சோர்ந்துபோனால் அது குணமாவது அல்ல. காற்றே உள்ளே போகவில்லை. நெபுலைசர் ஆக்சிஜன் மிஷின் கிடையாது. வண்டி வரும் வரை டாக்டர் சொல்லியிருந்த விரிக்கிற மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள், படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். எத்தனை மணிக்கு எந்த மருந்து எத்தனை தடவை வைத்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, காலிக் குப்பிகளோடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.